கடைக் குரலும் வீட்டுக் குரலும்

பாக்கு மட்டைத் தட்டுத் தொழில் செய்யும் கோமளவல்லி போனில் தனக்குப் பதிலாகப் பேச, தன் குரலிலேயே இரண்டு செயற்கை நுண்ணறிவுப் பிரதிகள் வைத்திருந்தாள். ஒன்று வாடிக்கையாளர்களுக்கு, மற்றது மகளுக்கு. இன்று காலை அவசரத்தில் இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டாள்.

மாலையில்தான் கவனித்தாள். ஐயாயிரம் தட்டு கேட்ட சேலத்து மண்டபக்காரரை, "போன தடவை வாங்குனத முதல்ல தீத்துட்டு வா கண்ணு, அப்பறம் புதுசு கேளு" என்று வீட்டுக் குரல் அதட்டியிருந்தது. பெரிய வாடிக்கை போய்விட்டதே என்று பதறி அவரை அழைத்தாள்.

"மத்தியானப் பந்தியிலேயே பழசெல்லாம் தீத்துட்டேங்க. இப்பக் குடுப்பீங்களா?" என்றார் பணிவாக.

நிம்மதியுடன் மகள் யாழிசையிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"மாத்தாதம்மா, இதே இருக்கட்டும்" என்றாள் யாழிசை. "உன் கடைக் குரல்தான் இன்னிக்கு நான் பேசி முடிக்கிற வரைக்கும் கேட்டாங்க."