ஒற்றை விரல்

மூன்றாவது மிஷினில் ஒரு விரல் உயர்ந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

கை அல்ல, விரல். விரலைத் தூக்கிய கோபிகா அந்தப் பனியன் கம்பெனிக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பள்ளிக்கூடப் பழக்கம் இன்னும் விடவில்லை.

பார்த்தவள் அந்த வரிசைக்குச் சூப்பர்வைசர். டோக்கன் அவள் கழுத்தில் தொங்கியது. வரிசைக்கு ஒரே டோக்கன். அதைக் காட்டினால்தான் பாத்ரூம் பக்கம் விடுவார்கள்.

பார்க்காததுபோல் ஒரு காலரை எடுத்துத் தையலைத் தடவினாள்.

சாயங்காலம் லாரி வரும். மேனேஜர் காலையிலேயே காய்ச்சி எடுத்துவிட்டார். இப்போது ஒரு மிஷின் நின்றால் பின்னால் எல்லாம் நிற்கும். மறுபடியும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் அந்த விரலை அவளுக்குத் தெரியும்.

நாலாம் வகுப்பில் அவளும் அப்படித்தான் தூக்கிப் பிடித்திருந்தாள். டீச்சர் பார்த்தார். திரும்பிக் கரும்பலகையில் எழுதினார். மறுபடி பார்த்தார்.

"இரு. கணக்கு முடியட்டும்."

கணக்கு முடிவதற்குள் பெஞ்சிலிருந்து சொட்டியது.

மணி அடித்தும் அவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். அந்தப் பாவியின் பெயர் இன்னும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து வெளியே போனால் தண்ணீர் குடிப்பதில்லை. கல்யாண மேடையில் மயங்கி விழுந்தாள். பிறகு கிட்னியில் கல். "தண்ணி குடிக்கறதுக்கு என்னடி கேடு உனக்கு?" என்று புருஷன் கத்தினான். அவள் யாரிடமும் சொன்னதில்லை. இதைப் போய் எப்படிச் சொல்வது?

இன்றைக்கும் பாட்டில் மேசையில் இருக்கிறது. காலையில் நிரப்பியது, நிரப்பியபடியே.

விரல் இன்னும் இறங்கவில்லை. கோபிகா அவளையே பார்த்தாள்.

இவள் கை கழுத்துக்குப் போனது. டோக்கனைப் பிடித்தது.

மேனேஜர் அறையின் கண்ணாடிக்குப் பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது.

"சித்த பொறு கண்ணு. இந்த பண்டல் முடியட்டும்."

மிஷின் இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி, நன்றாகவே சொன்னாள். சொன்ன பிறகுதான் அந்தக் குரல் அவளுக்கே கேட்டது.

நாலாவது மிஷினைப் பார்த்தாள். ஐந்தாவதைப் பார்த்தாள். எதிலும் கண் நிற்கவில்லை.

பாதி வரிசையில் திரும்பினாள். கண்ணாடிக்குப் பின்னால் யார் நின்றால் என்ன. டோக்கனைக் கழற்றிக்கொண்டே வேகமாக வந்தாள்.

விரல் இறங்கியிருந்தது.

கோபிகா தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். இவள் டோக்கனை நீட்டினாள்.

கோபிகா வாங்கவில்லை.

சாப்பாட்டு மணி அடித்தது. மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பெண்கள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

கோபிகா மட்டும் எழுந்திருக்கவில்லை.