எலி பிழைத்த வைத்தியம்

டச்பார் கடற்கரையில் சுனாமி இழுத்துப்போன பேர்டியைச் சேற்றுக்குள்ளிருந்து உயிரோடுதான் எடுத்தார்கள். ஆனால் உள்ளே போன தண்ணீரால் இடது நுரையீரலில் சீழ் கட்டிவிட்டது. எந்த ஊசிக்கும் கேட்கவில்லை.

அவன் மனைவி லில்லியன், தன் தம்பி நைஜல் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்கு ஓடி வந்தாள்.

"உன்ட எலி பிழைச்சிட்டாமே, தம்பி?"

"ஓம் அக்கா. மயக்கி, இடப்பக்கம் சரிச்சு வச்சு, மெல்லிய குழாயை சீழ் கட்டின நுரையீரலுக்குள்ள மட்டும் விட்டு மருந்தை இறக்கினன். சீழ் வத்திட்டு."

"ஒரு நுரையீரலுக்கு மட்டும்தானா? அப்ப இது பேர்டிக்கெண்டே கண்டுபிடிச்ச வைத்தியம்! டாக்டர்மாரோட கதைச்சுப் பார். இண்டைக்கே செய்யச் சொல்லு."

நைஜல் எலிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மருந்து நிரம்பினா அந்த நுரையீரல் கொஞ்ச நேரம் வேலை செய்யாது, அக்கா. அதுவரைக்கும் எலி மற்றதாலதான் மூச்சு விட்டது."



பேர்டிக்கு இருந்ததே அந்த இடது நுரையீரல் ஒன்றுதான். மற்றதை, சண்டைக்காலத்தில் பாய்ந்த ஷெல் துண்டோடு சேர்த்து டாக்டர்கள் எப்போதோ வெட்டி எடுத்திருந்தார்கள்.