திறக்கக் கூடாத அலமாரி

"மாப்பிள்ளை, அந்த அலமாரி ஏன் முனகுது?"

காப்பிக் கோப்பையோடு மாமியார் சென்சா, அறை வாசலில் நிற்பதைப் பார்த்ததும் விஸ்தின் துள்ளித் திரும்பினான். அலமாரிக் கதவை முதுகாலேயே அழுத்திச் சாத்தினான்.

"காத்தாடி அத்தை. குட்டிக் காத்தாடி."

"துணி வைக்கிற அலமாரிக்கு எதுக்குக் காத்தாடி?"

நியாயமான கேள்விதான். பதில் உள்ளே நாலு தொட்டிகளில், விளக்கு வெளிச்சத்தில் தளதளவென்று வளர்ந்துகொண்டிருந்தது. பத்து நாள் பலகை அறுத்து, உள்ளே வெள்ளித்தாள் ஒட்டி, வாசனை வெளியே போகாமல் கரி வடிகட்டி மாட்டி, விஸ்தின் தன் கையால் செய்த கஞ்சா அலமாரி அது. பஸ்களுக்கு அடியில் படுத்துப் படுத்தே முதுகு போன மெக்கானிக். இரண்டு இழுப்பு இழுத்தால்தான் அவனுக்குத் தூக்கமே வரும். வீட்டுக்குள் யார் கண்ணிலும் படாமல் வளர்த்துக்கொள்ள மால்டாவில் சட்டமே விட்டுவிட்டது. சட்டம் விட்டு என்ன பிரயோஜனம்? மாமியார் விட வேண்டுமே!

வீடு மாமியாருடையது. காலையில் பூசை, மாலையில் ஜெபமாலை என்று இருக்கிற மனுஷி. "அம்மாவுக்கு மட்டும் தெரிஞ்சுது, மாத்துத் துணிகூட எடுக்க விடமாட்டாங்க. நேரா தெருதான்" என்று மனைவி மார்தீஸ் முதல் நாளே எச்சரித்திருந்தாள்.

"கேக்குறேன்ல?" என்றாள் மாமியார்.

டிசம்பர் மாசம் அவனைக் காப்பாற்றியது.

"குல்பீனா, அத்தை!"

குழந்தை இயேசுவின் குடிலைச் சுற்றி வைக்கிற வெள்ளை முளைப்பயிர் அது. ஈரப் பஞ்சில் விதை தூவி, இருட்டு அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும். வெளிச்சம் பட்டால் பச்சையாகி மானம் போய்விடும். அதனால் குல்பீனா இருக்கிறது என்று சொன்ன அலமாரியை ஊரில் ஒருத்தரும் தொட மாட்டார்கள். மாமியாரே இந்த விஷயத்தில் பயங்கரக் கண்டிப்பு. அவள் அறை அலமாரி வருஷம் பூராவும் பூட்டியே கிடக்கும். டிசம்பர் இன்னும் வரவில்லையே என்று யாராவது கேட்டால், "அலமாரிக்கு இருட்டுப் பழக வேண்டாமா?" என்பாள்.

மாமியாரின் கண் கலங்கிவிட்டது.

"கோயில் பக்கம் தலைவைச்சுக்கூடப் படுக்காத மனுஷன் நீங்க! குல்பீனாவா போட்டிருக்கீங்க?"

"திறந்து காட்டலாம், ஆனா வெளிச்சம்..."

"ஐயையோ, திறக்காதீங்க! முதல்ல கதவு இடுக்குல ரப்பர் பட்டை ஒட்டுங்க. துளி வெளிச்சம் கசியக் கூடாது. நானும் அதான் ஒட்டியிருக்கேன். காத்தாடிக்கு அடியில பஞ்சு வைங்க, சத்தம் அடங்கும்."

சமையலறையில் மார்தீஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உங்களுக்கு நரகம்தான், நிச்சயம்."

"போற வரைக்கும் நல்லாத் தூங்கிக்கிறேன்."

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. மாமியார் தினமும் அந்தக் கதவுக்குச் சிலுவை போட்டுவிட்டுப் போனாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"மாப்பிள்ளை, பங்குச்சாமியார்கிட்ட பெருமையாச் சொல்லிட்டேன். கோயில் குடிலுக்கு இந்த வருஷம் உங்க குல்பீனாவும் சேர்த்திதான். சாயங்காலம் அவரே வர்றார், அலமாரியைத் திறந்து ஆசீர்வதிச்சு எடுத்துட்டுப் போக!"

விஸ்தின் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தான். கை கழுவினானோ இல்லையோ, பக்கத்து ஊரில் ஜீஜாவின் விதைக்கடைக்குப் பறந்தான்.

"ஆறு தட்டு குல்பீனா குடுங்க. வெள்ளை வெளேர்னு இருக்கணும்."

"வீட்டுல வளர்த்த மாதிரி?" என்று ஜீஜா கண்ணடித்தாள்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கடைசி நேரத்துல தலைதெறிக்க ஓடி வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் கேக்குறாங்க." தட்டுகளைப் பெட்டியில் அடுக்கியவள் அவனை உற்றுப் பார்த்தாள். "நீங்க சென்சா வீட்டு மாப்பிள்ளைதானே? நல்லதாப் போச்சு. அவங்களுக்கு எடுத்து வெச்சிருக்கிற ஆறு தட்டையும் கொண்டுபோயிடுங்க."

"எங்க அத்தைக்கா? அவங்கதான் வீட்டுலயே வளர்க்கிறாங்களே!"

"வளர்க்கிறாங்களா? மூணு வருஷமா என்கிட்டதான் வாங்குறாங்க. வீட்டுல மூச்சு விடாதேன்னு வேற..." ஜீஜா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

விஸ்தின் இரண்டு பெட்டிகளோடு வீட்டுக்குள் நுழைந்தபோது, மாமியார் அவன் அலமாரிக்கு முன்னால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் இரண்டு பெட்டிகளையும் கட்டில்மேல் வைத்துத் திறந்தான்.

"இது என்னோடது. இது உங்களோடது. ஜீஜா குடுத்து விட்டாங்க, அத்தை."

மாமியார் பன்னிரண்டு தட்டுகளையும் பார்த்தாள். பூட்டிய அலமாரியைப் பார்த்தாள். கதவு இடுக்கில் மூக்கை வைத்து நன்றாக இழுத்து மோந்தாள். அப்புறம் அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். போச்சு, தெருதான் என்று விஸ்தின் கண்ணை மூடிக்கொண்டான்.

"மாப்பிள்ளை, ஒரு வீட்டுக்கு நாலு செடிதான்னு சட்டம்" என்றாள் மாமியார், அடிக்குரலில். "என் முட்டிவலிக்கு மூணு வருஷமா என் அறை அலமாரியில நாலு நிக்குது, சாமியார் வர்றதுக்குள்ள உங்களோடதைப் பிடுங்கிப் போடுங்க!"