பள்ளத்தில் படுத்த வெள்ளணு

ஒடிந்த தொடையெலும்புக்குள் டாக்டர் புதிதாக ஓர் ஆணியைப் பொருத்திவிட்டுப் போனார். உடனே ரத்தத்தில் காவலுக்குச் சுற்றும் வெள்ளணு வந்துவிட்டது. அதற்குக் கண் கிடையாது. தடவித்தான் ஆளைத் தெரிந்துகொள்ளும்.

“கல்லு மாதிரி இருக்கியே, யாருய்யா நீ? ஏய், எல்லாரும் வாங்க!” என்று கத்தியது.

“இன்னும் கொஞ்சம் தள்ளித் தடவிப் பாருங்கண்ணே,” என்றது ஆணி.

அங்கே ஆணியின் மேல், வெள்ளணுவின் உடம்பு அளவுக்கென்றே செதுக்கிய மெல்லிய பள்ளங்கள் வரிவரியாக ஓடின. அவற்றில் ஒன்றுக்குள் வெள்ளணு சரிந்து விழுந்தது. உருண்டு திரண்டிருந்த உடம்பு பள்ளத்தோடு நீண்டுகொண்டது. அப்படி நீண்டதுமே கோபம் போன இடம் தெரியவில்லை.

அதற்குள் மற்ற வெள்ளணுக்களின் படை ஓடிவந்தது. “எங்கண்ணே எதிரி?”



“எதிரியா? சத்தம் போடாதீங்கப்பா,” என்றது வெள்ளணு. “பக்கத்துப் பள்ளம் காலியாத்தான் இருக்கு, வந்து படுங்க.”