இடுப்பைத் தட்டினால் ஆட்டம் நிற்கும்

விசில் நான்கு முறை ஒலித்தது. ஆட்டம் முடிந்தது.

அவள் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு கத்தினாள்.

கத்தியது அவள் மட்டும்தான்.

கூரை போட்ட அந்தக் கூடைப்பந்துத் திடலில் அவளுடைய அணிப் பெண்கள் பேயறைந்தது போல நின்றார்கள். கொச்சிப் பெண்கள்தான் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். ஸ்கேட்ஸோடு குதித்ததில் இரண்டு பேர் விழுந்தார்கள். விழுந்தும் சிரித்தார்கள்.

அவள் திரும்பிப் பலகையைப் பார்த்தாள்.

கொச்சி ஒரு புள்ளி கூடுதல்.

எப்படி?

மனசுக்குள் மறுபடி கூட்டினாள். சக்கரக் காலணியோடு சுற்றிவரும் இந்த ரோலர் டெர்பியில் எதிராளிகளை இடித்து விலக்கி முந்தினால் தலைக்கு ஒரு புள்ளி. தலைக்கவசத்தில் நட்சத்திர உறை போட்டவளுக்குத்தான் அந்த வேலை. கடைசிச் சுற்றில் உறை அவள் தலையில் இருந்தது. மூன்று புள்ளி பின்னால் இருந்தோம். நாலு பேரை முந்தியாயிற்று. அப்படியென்றால் ஒன்று முன்னால்.

எதிரணி நட்சத்திரக்காரி பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். அவள் புள்ளி எடுப்பதற்குள் நிறுத்தியாக வேண்டும். கூட்டத்தைப் பிளந்து முதலில் வெளியே வந்தவளுக்கு அந்த உரிமை உண்டு. இரண்டு கைகளாலும் இடுப்பைத் தட்டினால் போதும், சுற்று அத்தோடு நிற்கும்.

தட்டினாள். நின்றது.

இந்த அணி தொடங்கிய நாளிலிருந்து ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. இன்று ஜெயித்திருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் போதும்.

அப்போதுதான் உறைத்தது.

இதற்கு முந்தைய சுற்றில் அவள் எடுத்த நாலு புள்ளிக்கு நடுவர் நாலு விரலைக் காட்டினார். அப்புறம் இரண்டாகக் குறைத்தார். அவள் கால் கோட்டுக்கு வெளியே பட்டுவிட்டதாம். சத்தமாக அறிவிக்கவும் செய்தார். அவள்தான் காதில் வாங்கவில்லை. அந்த ஆள் முகத்தில் விழிக்கவே பிடிக்காமல், முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆள் அவளுடைய கணவர்.

ஊரில் ஆண்களுக்குக் கிரிக்கெட் பைத்தியம் இருக்கும், பைக் பைத்தியம் இருக்கும். இவருக்கு விதிப்புத்தகம். அவள் பொழுதுபோக்காகச் சேர்ந்த விளையாட்டு இது. வண்டியில் கொண்டுவந்து விட்டவர் ஓரமாக உட்கார்ந்தார், புத்தகத்தைப் புரட்டினார், நடுவராகிவிட்டார். சாப்பிடும்போது தட்டில் சாம்பார் வெங்காயங்களை வரிசையாக நிறுத்தி, யாரை எந்தப் பக்கம் இடித்தால் குற்றம் என்று விளக்குவார். சிக்னலில் சிவப்பு விழுந்தால் கேள்வி கேட்பார். பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தாலும் பதில் வராமல் வண்டியை எடுக்க மாட்டார்.

திடலில் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை. "கறுப்பு, இருபத்தேழு!" சட்டையின் நிறமும் எண்ணும்தான். அவள் போய்த் தண்டனை நாற்காலியில் உட்கார வேண்டும். வீட்டு நாற்காலியில்கூட அவள் அவ்வளவு உட்கார்ந்ததில்லை.

இப்போது பவதாரிணி அவர்மேல் பாய்ந்தாள். அணித் தலைவி. சட்டை முதுகில் அவளே வைத்துக்கொண்ட பட்டப்பெயர்: இடிச்சபுளி.

"ஏனுங்ண்ணா, பேண்ட் நழுவுதுன்னு அவ இழுத்து உட்டாளுங்க. அதுக்குப் போயி விசில் ஊதுவாங்களா? பாருங்க, இன்னும் நழுவிட்டுத்தான் இருக்குது!"

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இந்த மனுஷனை நடுவராக வைத்ததே தப்பு, இனிமேல் வேண்டவே வேண்டாம் என்றாள் ஒருத்தி.

பேண்ட் நழுவுவது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

திறக்கவில்லை.

அவர் அவளைப் பார்த்தார். அவள் ஸ்கேட்ஸ் நாடாவைப் பார்த்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் எதையும் தன் தப்பு என்று ஒப்புக்கொண்டதில்லை. பொள்ளாச்சிக்குக் கிளம்பிப் பல்லடத்தில் போய் நின்றபோதுகூட, சாலை போட்டவனைத்தான் திட்டினார்.

"நாந்தானுங்க தப்பாப் பாத்துட்டேன்," என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விதி விதி என்று இத்தனை நாள் உயிரை வாங்கிவிட்டு, இன்றைக்கா? இந்தத் தியாகத்தை இவரிடம் யார் கேட்டார்கள்? இனி ஒருத்தரும் இவர் கையில் விசிலைக் கொடுக்க மாட்டார்கள். அது தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. விளையாட்டுச் சாமான் பிடுங்கப்பட்ட குழந்தையின் முகம்.

கோபம் கோபமாக வந்தது. அழுகையும் வந்தது. எதற்கு எது என்று பிரித்துப் பார்க்க அவளுக்குப் பொறுமை இல்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாள்.

"மாமா, நீங்க சரியாத்தான் பாத்தீங்க." பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "ரெண்டு கைலயும் ரெண்டு தடவ தட்டுனேன். கணக்குல கோட்ட உட்டது நாந்தான்."

பவதாரிணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் விசிலைத் துடைத்தார். எதையோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். அவர் எவ்வளவு அடக்கிப் பார்க்கிறார் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது.

"மூணு தடவ," என்றார்.