நாலாம் பக்கத்து முத்திரை

"அக்கா, குடுத்துடலாம்னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்க" என்றான், நேர்முகத் தேர்வு அறையிலிருந்து வெளியே வந்த நீலச் சட்டைக்காரன்.

உள்ளே போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. போகும்போது கழுத்தில் இருந்த டை, வரும்போது சட்டைப் பையில் சுருண்டு கிடந்தது.

அடுத்தது அவள்தான்.

பதினாறு வருஷம் கூரியர் கம்பெனியில் விலாசம் பிரித்தவள். கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். நாற்பத்தாறு வயதில் ஒரு மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியின் எட்டாவது மாடியில், பிள்ளை வயசுக்காரர்களோடு வரிசையில் உட்கார்ந்திருப்பதற்கு ஒரே காரணம்தான். விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: ஊழியர் குடும்பத்துக்கு முதல் நாளிலிருந்தே மருத்துவச் செலவு, பழைய நோயானாலும்.

அவள் கணவரின் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. ஆபரேஷன் தள்ளித் தள்ளிப் போய் மூன்று மாசமாகிறது. "இதுக்கு மேல தள்ளினா என்னைக் கேக்காதீங்கம்மா" என்று டாக்டர் கைகழுவிப் பத்து நாள்.

காலையில் அவளுக்குச் செருப்பை எடுத்துக் கொடுக்கக் குனிந்தவர், நிமிர்வதற்குச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே இரண்டு பேர். மேலாளரம்மா ஒருத்தி. நோயாளியைத் தொட்டு இருபது வருஷமான கம்பெனி டாக்டர் ஒருவர். அவர்கள் தலைக்கு மேலே, இரண்டு கைகள் ஒரு சிவப்பு இதயத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் படம்.

"இரக்க குணம் உண்டா உங்களுக்கு?" மேலாளரம்மா கேட்டாள்.

"உண்டு மேடம்."

"கட்டுப்பாட்டுல இருக்கா?"

"இருக்கு மேடம்."

"நல்லது. போன்ல யார் அழுதாலும் வருத்தப்படுறோம்னு சொல்லக் கூடாது. சொன்னா தப்பு நம்ம மேலன்னு ஆயிடும். புரியுதுங்கன்னு சொல்லலாம். எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லலாம்."

அவள் தலையாட்டினாள்.

ஒரு ஃபைலை அவள் பக்கம் நகர்த்தினார்கள். "நிஜ ஃபைல்தான். பேரை மட்டும் கறுப்பு மையால அடிச்சிருக்கோம். இவர் கேட்ட பணத்தைக் குடுக்கலாமா, கூடாதா?"

அவள் புரட்டினாள். இரண்டாம் பக்கத்தில் விரல் கொஞ்சம் நின்றது.

"ஏசி ஜாஸ்தியா இருக்காம்மா?" என்றார் டாக்டர்.

"இல்ல சார்."

மூடி வைத்தாள். "கூடாது மேடம். நாலாம் பக்கத்துல ஆஸ்பத்திரி முத்திரை இல்ல."

மேலாளரம்மா உதட்டைப் பிதுக்கினாள். "அதைத்தான் எங்க ஆளுங்களும் எழுதி அனுப்பிச்சாங்க. முத்திரையை வாங்கிட்டு நாளைக்கே வந்து நிப்பாங்களே, அப்ப என்ன பண்ணுவீங்க? அவங்களால சரிபண்ணவே முடியாத காரணமா ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்."

படத்தில் இருந்த கைகளை அவள் ஒருமுறை பார்த்தாள். பிறகு ஃபைலைத் திரும்பத் திறந்தாள்.

"விலாசத்தைப் பாருங்க மேடம். பாலிசி எடுத்தப்ப எழுதின விண்ணப்பம் இது. மூன்றாவது மாடின்னு எழுதிட்டு, அதை அடிச்சுட்டு, கீழ்த்தளம்னு எழுதியிருக்கு. அதே கட்டடம்."

"சரி, வீடு மாறியிருக்காங்க. அதனால?"

"அந்தத் தெருவுல லிஃப்ட் வச்ச கட்டடமே கிடையாது. மேல்மாடி பார்சல்னா எங்க டெலிவரி ஆளுங்க முகத்தைத் தூக்கி வச்சுக்குவாங்க. காத்தும் வெளிச்சமுமா இருக்கிற மூணாவது மாடியை விட்டுட்டு, நாள் பூரா தண்ணி மோட்டார் சத்தம் கேக்கிற கீழ் வீட்டுக்கு யாராவது சும்மா வருவாங்களா? படி ஏற முடியல. நடுவுல ரெண்டு எடத்துல உக்காந்து உக்காந்துதான் ஏறியிருக்கார். அப்ப நோய் பாலிசிக்கு முன்னாடியே இருந்திருக்கு. எழுதாம மறைச்சுட்டாங்க."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு எடம்னு எப்படிம்மா அவ்வளவு கரெக்டா?"

"ஒரு குத்துமதிப்புதான் சார்."

மேலாளரம்மா அவள் சொன்னதை அப்படியே ஃபைலில் சிவப்பு மையால் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டாள். "இனிமே எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் இவங்க கேஸ் நிக்காது. எங்க ஆளுங்க ஆறு வாரம் இதை வச்சுப் பார்த்தாங்க, ஒருத்தர் கண்ணுல படல. திங்கட்கிழமை வந்துடுங்க."

"குடும்பத்துக்கான காப்பீடு, மேடம்..."

"அதுக்கென்ன, வெளியில ஃபாரம் குடுப்பாங்க, இன்னிக்கே எழுதிக் குடுத்துடுங்க. நம்ம ஆளுங்க கிட்ட நாங்க எதையும் தோண்டித் துருவுறதில்ல."

வெளியே நாற்காலிதான் இருந்தது, மேசை இல்லை. எழுதுவதற்கு அண்டை கொடுக்க எதையாவது தேடி, கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து ஃபாரத்துக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு நாள் காத்துக் கிடந்து, நேற்று சாயங்காலம்தான் வாங்கிய முத்திரை அதில் இருந்தது. போகிற வழியில் கீழே இதே கம்பெனியின் கவுன்ட்டரில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று கொண்டுவந்திருந்தாள்.

கணவர் பெயரை எழுதினாள். நோய் என்ற இடத்தில் வால்வைப் பற்றி எழுதினாள். எத்தனை காலமாக என்ற இடத்தில், முதல் தடவையாக, மூன்று வருஷம் என்று உள்ளதை எழுதினாள்.

விலாசம் என்ற இடத்தில் கைப் பழக்கத்தில் மூன்றாவது மாடி என்று வந்துவிட்டது.

அதை அடித்துவிட்டுக் கீழ்த்தளம் என்று எழுதினாள்.