போர்வைக்குள் கைகள்

பரிமளா வேலையை விட வழியில்லாமல்தான் அப்பாவை நகராட்சி முதியோர் இல்லத்தில் சேர்த்திருந்தாள். அவர் மணிக்கட்டில் கயிற்றுத் தடத்தைப் பார்த்ததும் புகார் கொடுத்தாள். விசாரிக்க வந்த அதிகாரி, அவரைக் கவனித்துக்கொள்ளும் ஆயாவையும் கட்டிலருகிலேயே நிறுத்திக்கொண்டு, "பெரியவரே, இவங்க உங்களைக் கட்டிப்போட்டாங்களா?" என்று கேட்டார்.

அப்பா கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். "சேச்சே, தங்கமான பொண்ணுங்க. எம் மகளுக்குத்தான் எதுலயும் சந்தேகம்."

"அப்பா, கையக் காட்டுங்கப்பா."

அவர் காட்டவில்லை.

"அப்ப புகாரை முடிச்சிரலாம்" என்று அதிகாரி கிளம்பினார். ஆயா அவரை வழியனுப்பப் போனாள்.

பரிமளா குனிந்தாள். "ஏம்ப்பா பொய் சொன்னீங்க?"

"நீ வீட்டுக்குப் போயிருவம்மா" என்றார் அப்பா. வாசலில் ஆயாவின் செருப்புச் சத்தம் திரும்பி வந்துகொண்டிருந்தது.